சித்தி காணிக்கையாகக் கொடுத்த மெழுகு பிளாக்

போன வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ராயபுரத்தில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் நிலைக்கும். அதனால் நடந்ததை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. என் சித்திக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்து, அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள்.

2. அடுத்து கீமோ வேண்டுமா, மாத்திரை மட்டும் போதுமா என்பதை, எடுத்த கட்டியில் ஒரு மரபணுச் சோதனை செய்து பார்த்து முடிவெடுக்கலாம் என்றார் டாக்டர்.

3. சோதனைக்கு அனுப்புவதற்காக, சித்தியின் திசு பதித்த மூன்று மெழுகு பிளாக்குகளை மருத்துவமனையில் அவரிடமே கொடுத்தார்கள்.

4. நான் வந்து வாங்கிக்கொள்ளும் வரை அவற்றைப் பத்திரமான இடத்தில் வைக்கும்படி சித்தியிடம் போனில் சொன்னேன்.

5. சனிக்கிழமை நான் போனபோது இரண்டுதான் இருந்தன.

6. மூன்றாவது, மெழுகுவர்த்தி ஆவதற்காக மூட்டையில் ஏறிப் போய்விட்டிருந்தது.

நான்காவது வரியில்தான் தப்பு நடந்தது. செய்தது நான்.

நான் பயோடெக்னாலஜி படித்தவள். நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. இந்த மாதிரி பிளாக்குகள் தினமும் என் கைக்கு வரும். தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம். அதன் மேல் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துண்டு சதை. சட்டத்தின் ஓரத்தில் நோயாளியின் எண். அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டுக்குள் இருப்பதைப் படிக்க முடிந்தால், கட்டியின் குணம் என்ன என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சோதனையைப் பற்றி சித்திக்கும் சித்தப்பாவுக்கும் முன்பே விளக்கியிருந்தேன். சித்தப்பா துறைமுகத்து கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். "ஜீன் எல்லாம் எல்லா செல்லுலயும் இருக்கும் சித்தப்பா. ஆனா கட்டிக்குள்ள எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட்" என்றேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அதாவது, யார்டுல கிரேன் எல்லாம் வரிசையா நிக்குது. எது ஓடிகினு கீது, எது சும்மா நிக்குதுன்னு பாத்தா, இன்னிக்கு எவ்ளோ சரக்கு எறங்கும்னு சொல்லிடலாம். அதானே?"

அதேதான். நான் எத்தனையோ படம் போட்டு எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். இது ஜாதகம் இல்லை, இன்னது நடக்கும் என்று அடித்துச் சொல்லாது. நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகமா குறைவா, கீமோ போட்டால் பலன் இருக்குமா என்று ஒரு மதிப்பெண் கொடுக்கும். எல்லோருக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. சித்தியின் கட்டி ஹார்மோனால் வளரும் வகை, சிறியது, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவும் இல்லை. அதனால்தான் டாக்டர் அதைச் சொன்னார்.

சித்திக்குக் கீமோவே வேண்டாம். அவர் தையல்காரர். பள்ளிச் சீருடை, கல்யாண பிளவுஸ் எல்லாம் அவர் கையில்தான். "முடி கொட்டுனா இன்னா, முக்காடு போட்டுக்குவேன். வெரலு மரத்துப் போவும்னு சொல்றாங்களே, அதான்டி. ஊசி எங்க குத்துதுன்னே தெரியாம எப்டி தெப்பேன்?" என்பார். தெருவில் ஒரு அக்காவுக்கு அப்படி ஆகியிருந்தது. சித்தப்பா கெஞ்சியும் கேட்கவில்லை, டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் இறங்கி வந்தார். "அந்த டெஸ்ட்ல வேணும்னு வந்தா போட்டுக்கறேன். வேணாம்னு வந்தா, யாரும் என்ன பேஜாரு பண்ணக் கூடாது."

ஆக, எல்லாமே அந்த பிளாக்கில் இருந்தது. சோதனை நடக்காவிட்டால் சித்தி கீமோ பக்கமே போக மாட்டார், தேவை இருந்தாலும்.

உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்றுதான் வரும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சித்தியிடம் சொல்லியும் வைத்தேன். அது என் இரண்டாவது தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை சித்தி ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தேன். இரண்டு பிளாக்குகள். எண்ணைப் பார்த்தேன். ஒன்று கட்டியைச் சுற்றியிருந்த நல்ல திசு, இன்னொன்று அக்குள் நிணநீர் முடிச்சு. கட்டி இருந்த பிளாக் இல்லை. கட்டி சின்னது என்பதால் அது முழுக்க அந்த ஒரே பிளாக்கில் இருந்தது. அறுவைக்கு முன்னால் ஊசியால் எடுத்த துண்டும் முந்தைய சோதனைகளிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"சித்தி, இன்னொண்ணு எங்க?"

"பத்திரமான எடத்துல கீது."

"எங்க?"

"கோயில்ல."

எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அந்த உறுப்பை மெழுகில் வாங்கி மாதாவுக்குக் காணிக்கையாக வைப்போம். கண் நோவுக்குக் கண், கால் முறிந்தால் கால், குழந்தை வேண்டுமென்றால் குழந்தை, வீடு வேண்டுமென்றால் வீடு. கோயில் வாசல் கடைகளில் எல்லாம் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

சித்தப்பா உள்ளே ஷேவிங் செய்துகொண்டிருந்தார். சித்தி குரலைத் தாழ்த்தினார். "கடையில போயி, அண்ணே, கண்ணு வேணாம், கையி வேணாம், அத குடுங்கன்னு எப்டிடி கேப்பேன்? அந்த ஆளு பொண்டாட்டிக்கு நான்தான் பிளவுசு தெச்சுத் தரேன். நீதானே போன்ல சொன்ன, இது மெழுகுதான், உள்ளார உங்க மாருலேந்து எடுத்தது கீதுன்னு. பத்திரமான எடத்துல வெய்யின்னும் சொன்ன. மாதாகிட்ட வெக்கறத விட பத்திரம் எது?"

நான் சொன்னது அதேதான், வார்த்தை மாறாமல். டெஸ்ட்டைப் பற்றி விளக்கியவள், அது இந்த பிளாக்கில்தான் நடக்கும், இதை எங்கே அனுப்பப் போகிறோம், மூன்றில் எது முக்கியம் என்று எதையுமே போனில் சொல்லவில்லை. தினமும் இதையே பார்க்கிறவளுக்கு அதெல்லாம் சொல்லாமலே புரியும் என்று ஒரு நினைப்பு.

"மூணுல எதுக்கு சித்தி அத எடுத்தீங்க?"

"அதுலதான் துண்டு பெருசா தெரிஞ்சுது. சாமிக்குக் குடுக்கறத சின்னதா குடுப்பாங்களா?"

கோயில் இரண்டு தெரு தள்ளி. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே சித்தியும் வந்தார். அறுவை நடந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை, இடது கையை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டே வந்தார். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காணிக்கை மெழுகா? காத்தாலதான்மா காலி பண்ணோம். ஈஸ்டர் வருதில்ல? மூணு மூட்டை, காலடிப்பேட்டைக்குப் பூட்ச்சு. அங்க உருக்கி வத்தி ஊத்துவாங்க."

மெழுகுவர்த்திப் பட்டறைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முகவரியைக் காணிக்கைக் கவரின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் மூளை தானாக வரிசை போட ஆரம்பித்தது. கொப்பரையில் விழுந்தால் பிளாஸ்டிக் தனியாகக் கழன்றுவிடும். அதில்தான் எண் இருக்கிறது. எண் போனால் அந்தத் துண்டு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கொதிக்கிற மெழுகில் கிடந்தால் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். இரண்டையும் தாண்டினாலும், மெழுகை வடிகட்டும்போது சதை அழுக்கோடு அழுக்காகக் குப்பைக்குப் போகும். நான்காவதாக யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

வண்டி நின்றது. முன்னால் ட்ரெய்லர் லாரிகள், கண் எட்டும் தூரம் வரை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது புதிதல்ல. துறைமுகத்து வாசலில் வரிசை நின்றால் ஊரே நிற்கும். ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, "ஒரு தூக்கம் போட்டுக்கலாம்" என்றார். நான் சித்தியின் வலது கையைப் பிடித்து இறக்கினேன். லாரிகளுக்கு நடுவே புகுந்து, புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு நடந்தோம். பாதி நடை, பாதி ஓட்டம்.

சித்தி அதுவரை மெட்ரோவில் ஏறியதே இல்லை. அத்தனை பதற்றத்திலும், ரயில் கிளம்பியதும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார். நாங்கள் விட்டுவந்த லாரிகள் எல்லாம் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தன. "இன்னாடி இது, நம்ம ஊரா இது? ஜில்லுன்னு கீது!" எதிரில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகை வந்துகொண்டிருந்தபோதும். இரண்டாவது நிறுத்தம் காலடிப்பேட்டை.

பட்டறை ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே நுழைந்ததும் சூடான மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. மூலையில் ஒரு பெரிய கொப்பரை, அடியில் அடுப்பு. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "சில்லறைக்குத் தாரதில்லம்மா" என்றுதான் ஆரம்பித்தார். நான் மூச்சு விடாமல் சொன்னதைக் கேட்டு, கையில் இருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

"ராயபுரம் மூட்டையா? ஒண்ணு கொப்பரையில போட்டாச்சே!"

கொப்பரைக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். எண்ணெய் மாதிரி தெளிந்த மெழுகு. அடியில் எதுவும் தெரியவில்லை. மிச்சம் இரண்டு மூட்டைகளைத் தரையில் கொட்டச் சொன்னேன். கொட்டினார்கள். கைகள், கால்கள், கண்கள், குழந்தைகள், இரண்டு மூன்று வீடுகள். எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களின் நோவெல்லாம் அங்கே தரையில் குவிந்து கிடந்தது. நான் மண்டியிட்டுக் கிளற ஆரம்பித்தேன். சித்தி ஒற்றைக் கையால் கிளறினார். பட்டறைப் பெண்கள் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள்.

"மெழுகு பிளாக்... சின்னதா, வெள்ளையா, சதுரமா இருக்கும்!" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இங்க எல்லாமே வெள்ளை மெழுகுதானம்மா" என்றார் முதலாளி பாவமாக.

இரண்டு மூட்டையும் முடிந்தது. இல்லை. வடிகட்டிய துணியை விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். கருகிய திரி, மணல், ஒரு ஊக்கு. வேறு எதுவும் இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கொட்டகையின் கோடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, தன் வேலையை நிறுத்தாமலே கேட்டார். "அதுல பிளாஸ்டிக் எதுனா ஒட்டிகினு இருக்குமா?"

"ஆமாக்கா! அடியில பிளாஸ்டிக் சட்டம்!"

"அத மொதல்லயே சொல்ல வேணாமா? வந்ததுலேந்து மெழுகு மெழுகுன்னு கத்திகினு கீற!"

அவர் வேலையே அதுதான். எந்த மூட்டை வந்தாலும் முதலில் அவர் கையைத் தாண்டித்தான் கொப்பரைக்குப் போகும். நூல், குண்டூசி, போட்டோ, சீட்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிரித்து ஒரு பெயிண்ட் வாளியில் போடுவார். ஒட்டியிருக்கும் மெழுகைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். பிளாஸ்டிக் ஒரு சொட்டு உருகினாலும் மொத்த மெழுகும் கெட்டுப்போகுமாம். நான் வாளியைப் பார்த்தேன். கத்தியைப் பார்த்தேன்.

"சுரண்டிட்டீங்களா அக்கா?"

அவர் எழுந்து போனார். சுவரோரம் ஒரு மண்பானை. அதன் பக்கத்தில், ஈரத் தரையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் அது இருந்தது. மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.

"கத்திய வெச்சேன். உள்ளார சதை மாதிரி தெரிஞ்சுது. கொழந்தையோட தொப்புள்கொடின்னு நெனச்சேன். எந்தத் தாயி வேண்டிகினு போட்டாளோ, அத சுரண்டவும் மனசு வரல, கொப்பரையில போடவும் மனசு வரல. உருகிடப் போவுதேன்னு பானையாண்ட வெச்சேன்."

எண்ணைப் படித்தேன். மறுபடி படித்தேன். மூன்றாவது முறை சத்தமாகவே படித்தேன். சித்தியின் எண். அந்த அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர், "ஏய், ஏய், மேலெல்லாம் மெழுகு" என்று சிரித்துக்கொண்டே விலகினார். நான்கு பெண்களும் கை தட்டினார்கள். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"குடுத்தத எப்டிடி திருப்பி எடுக்கறது?" என்றார். "மாதா இன்னா நெனைப்பா?"

நான் என்னென்னவோ சொன்னேன். இது மருத்துவம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றெல்லாம். சித்தி அசையவில்லை. பிளாக்கை நான் கையில் வைத்திருக்க, எடுத்துக்கொண்டு போகவும் முடியாமல், வைத்துவிட்டுப் போகவும் முடியாமல் நின்றோம். விஷயம் என்ன என்று முக்காலி அக்கா கேட்டார். சித்தி சொல்லத் தயங்கி, பிறகு மெதுவாகச் சொன்னார், கடையில் கேட்கக் கூச்சப்பட்டது வரை.

அந்த அக்கா அலமாரிக்குப் போனார். கை அச்சு, கால் அச்சு எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, பின்னாலிருந்து ஒன்றை எடுத்தார். ஊதித் தூசி தட்டினார்.

"இதுக்கும் அச்சு கீது. செஞ்சு வெச்சு வருசக்கணக்காவுது. யாரும் கேக்கறதில்லன்னு கடைக்காரனுங்க வாங்கறதில்ல. கேக்க வாயி வரலன்னு அவனுங்களுக்கு எங்க தெரியும்? இன்னா பாக்கற? வெக்கப்பட இன்னா கீது இதுல? குந்து, ஊத்தித் தரேன்."

கொப்பரையிலிருந்து ஒரு கரண்டி மெழுகு மொண்டு அச்சில் ஊற்றினார். வாளித் தண்ணீரில் வைத்து ஆற வைத்தார். பிரித்தபோது ஓரத்தை விரலால் வழித்துச் சரிசெய்து, சித்தியின் வலது கையில் வைத்தார். "இத மாதாவுக்குக் குடு. அத டாக்டருக்குக் குடு."

சித்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் அழுதார். அறுவை நடந்த அன்று அழாதவர். அந்த அக்கா முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்துச் சீட். சித்தியின் மடியில் செய்தித்தாளில் சுற்றிய மெழுகு மார்பு. என் மடியில், பட்டறையில் கேட்டு வாங்கிய டிபன் பாக்ஸில், நிஜமானது. சித்தி இறங்கி நேரே கோயிலுக்குப் போனார். நான் பிளாக்கைச் சோதனைக்கு அனுப்பக் கூரியர் அலுவலகத்துக்குப் போனேன்.

பிறகு வந்த நாட்கள் இந்தச் சனிக்கிழமையை விட நீளமானவை. மூட்டையின் சூட்டில் ஆர்.என்.ஏ. கெட்டிருந்தால் 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வந்துவிடும். வரவில்லை. மாதிரி தரமாக இருந்தது, மதிப்பெண் வந்தது.

அதிகமாக வந்தது. கீமோ போட்டால் பலன் இருக்கும் என்ற பக்கத்தில்.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டியபோது என்னால் சித்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்றுதான் வரும் என்று சொல்லி வைத்தது நான்தானே? வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இன்னாடி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் சித்தி. "வேணாம்னு சொல்லிக் கேக்கறதுக்கா அவ்ளோ தூரம் ஓடுனோம்? அது இன்னா சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கத்தானே ஓடுனோம்? தெரிஞ்சுபோச்சு. எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டுகினு வா, போ."

சொன்ன சொல் தவறாமல் எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டார். அந்த பிளாக் கொப்பரையில் போயிருந்தால் ஒன்றுகூடப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்பானை ஞாபகம் வரும். ஈஸ்டருக்குப் பிறகு பட்டறைக்குப் போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்றவர், அந்த அச்சில் ஊற்றியவற்றை இப்போது கடைகளுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். "கேக்காட்டியும் தட்டுல வெய்யின்னு சொல்லிட்டேன். பாத்தா எடுப்பாங்க."

இப்போது நிலைமை இது. கீமோ முடிந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை, அது இன்னும் பல வருடங்களுக்கு. கடைசியாகச் செய்த பரிசோதனையில் பயப்பட எதுவும் இல்லை. சித்தியின் முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. விரல் நுனிகள் இன்னும் லேசாக மரத்துத்தான் இருக்கின்றன. ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது சித்தப்பாவின் வேலை, தைப்பது சித்திதான். நான் எந்தக் குடும்பத்திடமும் இப்போது "பத்திரமா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பதில்லை. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.